'டயர்டா இருக்கு'ன்னு ஸ்பானிஷ்ல எப்படிச் சொல்வீங்க? கன்சாதோ முதல் கெமாதோ வரை ஒரு கைடு!

'மணி ஹைஸ்ட்' பார்த்து ஆசைப்பட்டு ஸ்பானிஷ் கத்துக்க ஆரம்பிச்சவங்க இருக்காங்க. ஸ்பெயினுக்கு மேற்படிப்புக்குப் போறவங்க, ஆபீஸ்ல மெக்சிகோ, கொலம்பியா கிளையன்ட்டோட தினமும் பேச வேண்டியவங்களும் இருக்காங்க. எல்லாருமே 'ஓலா', 'கிராசியாஸ்' வரைக்கும் முதல் நாளே கத்துக்கிறாங்க. ஆனா, நாள் முழுக்க கிளாஸோ ஷிஃப்ட்டோ முடிச்சிட்டு வெளியே வரும்போது வாய் தேடுற முதல் வாக்கியம், 'ரொம்ப டயர்டா இருக்குப்பா' என்பதுதானே?

தமிழ்ல இதுக்கு எத்தனை வார்த்தைகள்னு யோசிச்சுப் பாருங்க. அசதியா இருக்கு, களைப்பா இருக்கு, தூக்கமா வருது, உடம்புக்கு முடியல, சலிச்சுப்போச்சு, வெறுத்துப்போச்சு... ஒவ்வொண்ணும் வேற வேற. அம்மாகிட்ட 'தூக்கமா வருது'ன்னு சொன்னா, 'போய்ப் படு'ம்பாங்க. 'உடம்புக்கு முடியல'ன்னு சொன்னா, நெத்தியில கை வெச்சுப் பார்ப்பாங்க.

ஸ்பானிஷும் அப்படித்தான். 20 நாடுகளில் ஆட்சிமொழி, சுமார் 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி. அதில் 'டயர்ட்' என்பதற்கு ஒரே ஒரு வார்த்தையை மனப்பாடம் பண்ணிட்டு எல்லா இடத்திலும் அதையே சொன்னா, தேவைப்படுற உதவி சரியா கிடைக்காது. எது உடம்புச் சோர்வு, எது தூக்கம், எது சலிப்பு, எது நோய்... பிரிச்சுப் பார்த்துடலாம்.

முதல் வாக்கியம்: எஸ்தோய் கன்சாதோ

'நான் சோர்வா இருக்கேன்' என்பதற்கு எல்லா ஸ்பானிஷ் நாடுகளிலும் புரியுற வாக்கியம் இதுதான். சொல்றவர் ஆணா இருந்தா 'எஸ்தோய் கன்சாதோ'. பெண்ணா இருந்தா 'எஸ்தோய் கன்சாதா'. கடைசி 'ஓ', 'ஆ' மட்டும் மாறும். கூட்டமா சொல்லணும்னா 'எஸ்தாமோஸ் கன்சாதோஸ்', நாங்க எல்லாரும் களைச்சுட்டோம்.

உச்சரிப்பு விஷயத்துல தமிழ் பேசுறவங்களுக்கு இங்க ஒரு சௌகரியம் இருக்கு. ஸ்பானிஷ்ல 'த' ஒலி, நாக்கு பல்லைத் தொட்டு வர்ற நம்ம 'த' மாதிரிதான். 'கன்சாதோ'வில் வர்ற 'தோ'வை, 'காது' என்று சொல்லும்போது 'து' எவ்வளவு மென்மையா வருதோ அப்படியே சொல்லுங்க. ஸ்பெயின்ல அவசரமா பேசும்போது அந்த 'த'வையும் முழுங்கிடுவாங்க. 'கன்சாவோ' மாதிரி காதுல விழும். அதைக் கேட்டு வேற வார்த்தைன்னு குழம்ப வேண்டாம்.

கூட்டவும் குறைக்கவும் ரெண்டு வார்த்தை போதும். கொஞ்சம்னா 'உன் போக்கோ', ரொம்பன்னா 'முய்'. 'எஸ்தோய் உன் போக்கோ கன்சாதா', கொஞ்சம் களைப்பா இருக்கு. 'எஸ்தோய் முய் கன்சாதா', ரொம்ப முடியல.

ரெண்டு 'இரு' இருக்கு, கவனம்!

தமிழ்ல 'இரு' ஒண்ணே எல்லாத்துக்கும் போதும். ஸ்பானிஷ்ல 'சேர்', 'எஸ்தார்'னு ரெண்டு வினைச்சொல். ஒருத்தர் எப்படிப்பட்டவர், ஒரு பொருள் எப்படிப்பட்டது என்று சொல்ல 'சேர்'. இப்போ எந்த நிலைமையில இருக்கார் என்று சொல்ல 'எஸ்தார்'. நான் உயரமானவன் என்பதற்கு 'சேர்'. நான் களைப்பா இருக்கேன் என்பதற்கு 'எஸ்தார்'.

அதனால 'எஸ்தோய் கன்சாதோ' தான் சரி. 'எஸ்தோய்'க்குப் பதிலா 'சேர்' குடும்பத்து 'சோய்' போட்டு 'சோய் கன்சாதோ'ன்னு சொன்னா, எதிரில் இருக்கிறவர் நெத்தியைச் சுருக்குவார். காரணம், 'சேர்' வந்தா 'கன்சாதோ'வின் அர்த்தம் 'சோர்வைக் கொடுக்கிற' என்று திரும்பிடும். 'எஸ் உன் த்ரபாஹோ கன்சாதோ'ன்னா, 'அது ஆளை அசத்திப் போடுற வேலை'. மனுஷனைப் பத்திச் சொன்னா, கேட்கிறவங்களைக் களைப்பாக்குற ஆள். நம்ம பாஷையில் அறுவை கேஸ்! ஸ்பெயின்ல அந்த அறுவைக்குத் தனியா 'கன்சீனோ'ன்னு ஒரு வார்த்தையே இருக்கு.

பல ஆப்கள் 'நிரந்தரம்னா சேர், தற்காலிகம்னா எஸ்தார்'னு ஈஸியா ஒரு விதி சொல்லித் தரும். அதை முழுசா நம்பிடாதீங்க. ஒருத்தர் இறந்துட்டார் என்று சொல்லவும் ஸ்பானிஷ்ல 'எஸ்தார்' தான். அதைவிட நிரந்தரம் ஏது? 'என்ன மாதிரி', 'என்ன நிலைமை' என்று பிரிச்சுக்கிட்டா தப்பு வராது.

தூக்கம் வந்தா: தெங்கோ சுவேஞோ

உடம்பு களைக்கல, கண்ணு மட்டும் சொக்குது. அப்போ 'கன்சாதோ' வேண்டாம். 'தெங்கோ சுவேஞோ'ன்னு சொல்லணும். நேர் அர்த்தம், 'என்கிட்ட தூக்கம் இருக்கு'. பசியும் (தெங்கோ ஆம்ப்ரே) தாகமும் (தெங்கோ செத்) இதே மாதிரிதான், 'என்கிட்ட இருக்கு' என்றுதான் சொல்வாங்க. இதில் ஆண், பெண் வித்தியாசமே கிடையாது. யார் சொன்னாலும் 'தெங்கோ சுவேஞோ'.

'சுவேஞோ'வை ஸ்பானிஷ்ல எழுதும்போது ஒரு எழுத்து மேல அலை மாதிரி கோடு இருக்கும். பல நாட்டுக்காரங்க அந்த ஒலிக்குத் திண்டாடுவாங்க. நமக்கு 'ஞ' இருக்கு, பிரச்னை முடிஞ்சது.

இன்னொரு அழகு, 'சுவேஞோ' என்றால் தூக்கமும்தான், கனவும்தான். லத்தீன்ல தனித்தனியா இருந்த ரெண்டு சொற்கள் ஸ்பானிஷுக்கு வரும்போது ஒண்ணாகிடுச்சு. 'தெங்கோ சுவேஞோ'ன்னா தூக்கம் வருது. நடுவுல 'உன்' சேர்த்து 'தெங்கோ உன் சுவேஞோ'ன்னா, பொதுவா 'எனக்கு ஒரு கனவு இருக்கு'. 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் பேசின புகழ்பெற்ற கனவு உரையை ஸ்பானிஷ்ல குறிப்பிடும்போது இந்த 'உன்' கண்டிப்பா இருக்கும். அது இல்லேன்னா தலைவர் மேடையில கொட்டாவி விட்ட மாதிரி ஆகிடும்.

தூக்கத்தைச் சுத்தி தினமும் காதுல விழுற இன்னும் சில வாக்கியங்கள்:

* மே தா சுவேஞோ: 'இது எனக்குத் தூக்கத்தைத் தருது.' போர் அடிக்கிற கிளாஸ், சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற மீட்டிங் எல்லாத்துக்கும் பொருந்தும். இதில் வர்ற 'தா'வுக்கு 'தருது' என்று அர்த்தம். நம்ம 'தா'வோட ஒத்துப்போறது தற்செயல்தான். ஆனா மனசுல நிக்கும்.
* மே காய்கோ தே சுவேஞோ: 'தூக்கத்துல விழுந்துடுவேன் போலிருக்கு.'
* ஸே மே சியெர்ரான் லோஸ் ஓஹோஸ்: 'எனக்குக் கண்ணு தானா மூடுது.' 'ஓஹோ' என்றால் கண். மறக்கவே முடியாது!
* நோ ஏ பெகாதோ ஓஹோ: நேர் அர்த்தம் 'கண்ணை ஒட்டவே இல்ல'. அதாவது, ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல.

தூள், மாவு, செத்த மாடு: பில்டப் வேணுமா?

'களைப்பா இருக்கு'ன்னு சாதாரணமா சொன்னா நண்பர்கள்கிட்ட எடுபடாது. நாம 'செத்துட்டேன்டா', 'நொந்து நூலாயிட்டேன்'னு சொல்ற மாதிரி அவங்ககிட்டயும் ஒரு பட்டியல் இருக்கு.

எஸ்தோய் அகோத்தாதோ: முழுசா தீர்ந்துட்டேன். 'கோத்தா' என்றால் துளி. கடைசித் துளி வரைக்கும் வடிஞ்சுபோச்சு என்பதுதான் இந்தச் சொல்லின் வேர். கச்சேரி டிக்கெட், கடையில் ஸ்டாக் தீர்ந்துட்டாலும் இதே வார்த்தையைத்தான் போர்டுல போடுவாங்க. ஆபீஸ்லயும் கௌரவமா சொல்லலாம்.

எஸ்தோய் ஏச்சோ போல்வோ: தூளாயிட்டேன். 'போல்வோ' என்றால் தூசி. ஸ்பெயின்ல இதைக் கேட்காத நாள் இருக்காது. பெண் என்றால் 'ஏச்சா போல்வோ'.

எஸ்தோய் மொலீதோ: அரைபட்டுட்டேன். மெஷின்ல அரைச்ச காபிப் பொடி பாக்கெட்டிலும் 'மொலீதோ' தான் இருக்கும். உடம்பு முழுக்க அடிச்சுப்போட்ட மாதிரி வலிக்கும்போது சொல்றது. வீடு மாத்தின மறுநாளுக்கு இதுதான் சரி.

எஸ்தோய் முவெர்த்தோ: செத்துட்டேன். விளக்கமே வேண்டாம், நம்ம ஊர் மாதிரியேதான்.

எஸ்தோய் பாரா எல் அர்ராஸ்த்ரே: 'இழுத்துட்டுப் போற நிலைமையில இருக்கேன்.' இது ஸ்பெயினின் காளைச் சண்டை மைதானத்திலிருந்து வந்தது. சண்டை முடிஞ்சதும் செத்த காளையைக் கோவேறு கழுதைகள் பூட்டி மைதானத்தை விட்டு இழுத்துட்டுப் போவாங்க. அந்த இழுப்புக்குப் பேர்தான் 'அர்ராஸ்த்ரே'. வெளியே எடுத்துட்டுப் போறதுதான் பாக்கி என்கிற அளவுக் களைப்பு.

நோ புவேதோ கோன் மி அல்மா: 'என் ஆன்மாவையே என்னால தூக்க முடியல.' இதன் சின்ன வடிவம் 'நோ புவேதோ மாஸ்', இதுக்கு மேல முடியாது. ஜிம்லயும் சொல்லலாம், அழுகை முட்டும்போதும் சொல்லலாம். ஒரு நண்பர் இதை மெதுவான குரல்ல சொன்னா, ஜோக் அடிக்காம என்ன ஏதுன்னு கேளுங்க.

செல்போன் தலைமுறைக்குத் தோதா 'பீலாஸ்' இருக்கு. பேட்டரிகள்! 'கர்கார் லாஸ் பீலாஸ்'ன்னா சார்ஜ் ஏத்திக்கிறது, அதாவது நல்லா ஓய்வெடுக்கிறது. 'போந்தே லாஸ் பீலாஸ்'ன்னு யாராவது சொன்னா, 'தூங்கி வழியாதே, சுறுசுறுப்பா ஆகு'ன்னு தட்டி எழுப்புறாங்க.

ஊர் மாறினா அர்த்தம் மாறும்

மெக்சிகோவுல 'எஸ்தோய்'க்குப் பதிலா 'அந்தோ கன்சாதோ'ன்னும் அடிக்கடி சொல்வாங்க. 'அந்தோ' என்றதும் நமக்கு நாடக வசனம் ஞாபகம் வரும். ஸ்பானிஷ்ல அதுக்கு 'நடக்கிறேன்', 'திரியுறேன்' என்று அர்த்தம். 'இப்போல்லாம் களைப்பாவே திரியுறேன்' என்கிற தொனி. ராத்திரி கண்முழிச்சு அந்த அசதி காலையிலும் இருந்தா, அங்கே 'எஸ்தோய் தெஸ்வெலாதோ'.

அர்ஜென்டினாவுல 'எஸ்தோய் ஃபுந்தீதோ'. வண்டி இன்ஜின் சீஸ் ஆனா சொல்ற வார்த்தை. 'ஏச்சோ போல்சா'வும் உண்டு, பை மாதிரி தொய்ஞ்சு கிடக்கேன்.

ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டியது 'எஸ்தோய் மமாதோ'. கொலம்பியாவுல நண்பர்கள் நடுவுல இதுக்கு அர்த்தம், 'செம அசதி' அல்லது 'வெறுத்துப்போச்சு'. ஸ்பெயினுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனா 'நான் போதையில இருக்கேன்'. மெக்சிகோவுல 'ஜிம் பாடி வெச்சிருக்கேன்'. கொலம்பியா டீமோட பழகின பையன் ஸ்பெயின் கிளையன்ட் காலில் இதைச் சொன்னா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. எந்த நாட்டு ஆள்னு தெரியாதப்போ 'கன்சாதோ', 'அகோத்தாதோ' ரெண்டுதான் சேஃப்.

உடம்பா, மனசா?

'எஸ்தோய் கன்சாதா'வுக்குப் பின்னாடி 'தே' சேர்ந்தா கதை மாறும். 'எஸ்தோய் கன்சாதா தே எஸ்பெரார்'ன்னா, காத்திருந்து காத்திருந்து சலிச்சுப்போச்சு. இது உடம்புக் களைப்பு கிடையாது. அதனால மேனேஜர்கிட்ட பேசும்போது கவனம். 'இன்னிக்கு வேலை அதிகம், களைச்சுட்டேன்'னு சொல்ல நினைச்சு, 'வேலை' என்ற சொல்லை 'தே'யோட ஒட்டிட்டா, 'இந்த வேலையே வெறுத்துடுச்சு'ன்னு அவர் காதுல விழலாம். 'எஸ்தோய் கன்சாதா' என்பதோட நிறுத்திக்கங்க. கூடவே 'நெசெசீத்தோ தெஸ்கன்சார் உன் போக்கோ'ன்னு சொல்லுங்க. 'கொஞ்சம் ஓய்வு தேவைப்படுது' என்று நேரா போய்ச் சேரும்.

நிஜமாவே வெறுத்துப்போயிருந்தா அதுக்கு 'எஸ்தோய் ஆர்த்தோ', பெண்ணுக்கு 'ஆர்த்தா'. ஸ்பெயின்ல 'எஸ்தோய் ஆஸ்தா லாஸ் நரீசெஸ்'னும் சொல்வாங்க. மூக்கு வரைக்கும் வந்துடுச்சு என்று அர்த்தம். நமக்குக் கழுத்து வரைக்கும், அவங்களுக்கு மூக்கு வரைக்கும்! கோபமான பேச்சு இது, பெரியவங்க முன்னாடி வேண்டாம்.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. 'எஸ்தோய் கெமாதோ', நான் எரிஞ்சுட்டேன். மாசக்கணக்கா வேலை அழுத்தி, லீவு போட்டாலும் தெளியாத சோர்வுக்கான சொல். ஆங்கிலத்துல 'பர்ன் அவுட்' என்கிறோமே, அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை வேலை சார்ந்த நிலைமையாகத் தன் வகைப்பாட்டில் விவரிச்சது. நோய் என்று அது சொல்லல. ஆனா, வேலையிடத்துல கட்டுப்படுத்தாத நீண்டநாள் அழுத்தம்தான் காரணம் என்று தெளிவா சொல்லியிருக்கு. ஒரு ஸ்பானிஷ் சக ஊழியர் 'கெமாதா'ன்னு சொன்னா, 'ஒரு காபி குடி, சரியாயிடும்'னு பதில் சொல்றது அவங்க சொன்னதைக் கேட்காத மாதிரி.

டாக்டர்கிட்ட என்ன சொல்றது?

வெளிநாட்டுல தனியா இருக்கிறப்போ இதுதான் முக்கியம். கிளினிக்ல போய் 'தெங்கோ சுவேஞோ'ன்னு சொன்னா, சரியா தூங்கலன்னு நினைப்பாங்க. 'எஸ்தோய் முவெர்த்தோ' மாதிரி பில்டப் டயலாக்கும் அங்கே எடுபடாது. இதை மட்டும் போன்ல நோட் பண்ணி வெச்சுக்கங்க:

* யேவோ உனா செமானா முய் கன்சாதா: ஒரு வாரமா ரொம்பச் சோர்வா இருக்கு. எத்தனை நாள் என்பதுதான் டாக்டருக்குத் தேவை. 'யேவோ'வுக்குப் பிறகு காலத்தைச் சொன்னா போதும்.
* மே சியெந்தோ தேபில்: பலவீனமா உணருறேன்.
* மே மரேயோ: தலை சுத்துது. கடல் என்பதற்கான 'மார்' என்ற சொல்லில் பிறந்தது. கப்பல்ல போனா தலை கிறுகிறுக்குமே, அந்த உணர்வு.
* தெங்கோ ஃபியெப்ரே: காய்ச்சல் இருக்கு.
* மே ஃபால்தா எல் ஆய்ரே: மூச்சு வாங்குது, காத்து போதல.

'ஃபதீகா'ன்னு ஒரு சொல் புத்தகத்துல வரும். சோர்வுதான் அர்த்தம். ஆனா, சில பகுதிகளில் மூச்சிரைப்பையும் வேறு சில இடங்களில் குமட்டலையும் இதே சொல்லால சொல்வாங்க. டாக்டர் தப்பா புரிஞ்சுக்க வாய்ப்பு இருக்கு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் மாதிரி ஏதாவது என்றால் வார்த்தை தேடிட்டு இருக்காதீங்க. ஸ்பெயின்ல அவசர எண் 112.

வேலைக்குப் போறவங்களுக்கு இன்னொரு சொல், 'பாஹா'. ஸ்பெயின்ல டாக்டர் எழுதித் தர்ற மெடிக்கல் லீவு. 'எஸ்தோய் தே பாஹா'ன்னா, 'மருத்துவ விடுப்புல இருக்கேன்'.

சோர்வுக்கு ஒரு சட்டம்: லெய் சீயா

களைப்பு பத்தின சொற்கள் பேச்சோட நிக்கல, சட்டப் புத்தகத்துக்கும் போயிருக்கு. 'சீயா' என்றால் நாற்காலி. 'லெய் சீயா', நாற்காலிச் சட்டம். நின்னுக்கிட்டே வேலை பார்க்கிற கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும் என்கிற இந்தச் சட்டம் மெக்சிகோவுல 2025 ஜூன்ல நடைமுறைக்கு வந்துச்சு. சிலியில் இதே பேர்ல 1914-லேயே சட்டம் வந்துடுச்சு. தமிழ்நாட்டிலும் 2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை தரும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறினது ஞாபகம் இருக்கும்.

ஸ்பெயினில் 8 மணி நேர வேலைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1919-ல் பார்சிலோனாவில் 'லா கனாதியென்சே' என்று அழைக்கப்பட்ட மின்சார கம்பெனியில் தொடங்கின வேலைநிறுத்தம் 44 நாள் நீடிச்சது. அதே வருஷம் ஏப்ரல்ல 8 மணி நேர வேலைநாளுக்கு அரசு ஆணை வந்துச்சு. 2018-ல் வந்த சட்டம், வேலை நேரம் முடிஞ்சப்புறம் ஆபீஸ் மெசேஜிலிருந்து விலகி இருக்கிற உரிமையையும் கொடுத்தது. அதனால ராத்திரி அனுப்பின மெயிலுக்கு ஸ்பெயின் டீம்ல இருந்து காலையிலதான் பதில் வந்தா, அலட்சியம்னு முடிவு பண்ணிடாதீங்க.

அப்போ சியெஸ்தா? சூரியன் உதிச்சதிலிருந்து ஆறாவது மணி, அதாவது நடுப்பகல் என்பதற்கு ரோமானியர்கள் வெச்சிருந்த 'செக்ஸ்தா' என்ற சொல்லிலிருந்துதான் 'சியெஸ்தா' வந்தது. ஸ்பெயின்காரங்க எல்லாரும் தினமும் மதியம் தூங்குவாங்க என்பது மட்டும் நிஜம் கிடையாது. நகரத்து ஆபீஸ்ல வேலை பார்க்கிற பலருக்கு அது லீவு நாள் சுகம்தான்.

மத்தவங்க சொன்னா பதில் என்ன?

'தியெனெஸ் மாலா காரா'ன்னு யாராவது சொன்னா திட்டுறாங்கன்னு நினைக்காதீங்க. 'உனக்கு முகமே சரியில்லயே'ன்னு அக்கறையா கேட்கிறாங்க. 'தே வேயோ கன்சாதா'ன்னா, 'சோர்ந்து தெரியறியே'. ஒருத்தர் களைப்பைச் சொன்னா, 'போப்ரெசீத்தோ' (பெண்ணுக்கு 'போப்ரெசீத்தா'), அதாவது 'அய்யோ பாவம்'னு சொல்லலாம். பரீட்சை, ஷிஃப்ட் இன்னும் பாக்கி இருந்தா 'ஆனிமோ!', தைரியமா இரு.

எல்லாத்தையும்விட அழகான பதில், 'தெஸ்கான்சா'. ஓய்வெடு. 'கன்சார்' என்றால் களைக்க வைப்பது. அதுக்கு முன்னாடி 'தெஸ்' சேர்த்தா 'தெஸ்கன்சார்', ஏறின களைப்பை இறக்கி வைப்பது. ஓய்வுக்கு ஸ்பானிஷ் வெச்சிருக்கிற சொல்லே 'களைப்பை நீக்கு' என்பதுதான். தூங்கணும்னு கட்டாயம்கூட இல்ல. சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது 'தெஸ்கன்சார்' கணக்குதான்.

ஒரு நிமிஷ ரிவிஷன்

* உடம்பு களைப்பு: எஸ்தோய் கன்சாதோ / கன்சாதா
* தூக்கம்: தெங்கோ சுவேஞோ
* சுத்தமா முடியல: எஸ்தோய் அகோத்தாதோ / அகோத்தாதா
* நண்பர்கள்கிட்ட பில்டப்: எஸ்தோய் ஏச்சோ போல்வோ / ஏச்சா போல்வோ
* வெறுப்பு: எஸ்தோய் ஆர்த்தோ / ஆர்த்தா
* வேலை எரிச்சுடுச்சு: எஸ்தோய் கெமாதோ / கெமாதா
* டாக்டர்கிட்ட: யேவோ... (எத்தனை நாள்) முய் கன்சாதோ / கன்சாதா

இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க. ராத்திரி சாட்டை முடிக்கும்போது உங்க ஸ்பானிஷ் நண்பருக்கு 'குட் நைட்' மட்டும் அனுப்பாம, 'கே தெஸ்கான்செஸ்'ன்னு அனுப்பிப் பாருங்க. 'நல்லா ஓய்வெடு'ன்னு அர்த்தம். வீட்டு ஆளுங்ககிட்ட சொல்ற வார்த்தை அது.